தொதலும் கிராபிக்ஸ் கார்டும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒருமுறை ஒரு கம்ப்யூட்டரின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். தெரியாமல் இல்லை. யோசித்து, இடம் பார்த்து, இரண்டு கைகளையும் மேஜையில் ஊன்றி, கர்ப்பிணிப் பெண் ஷேர் ஆட்டோவில் உட்காருகிற நிதானத்தோடு உட்கார்ந்தேன்.

உச்சிப்புளியில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவர் சின்னப் பெட்டியாக வேண்டும் என்று கேட்டிருந்தார். அதுவரை நான் கட்டிய பெட்டிகள் எல்லாம் பீரோவுக்குத் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே ஒரு மதர்போர்டு, ஒரு பவர் சப்ளை, மீதி இடத்தில் பல்லி குடும்பம் நடத்தலாம். சின்னப் பெட்டி அப்படியில்லை. எல்லாம் உள்ளே போய்விட்டது, பக்கத்து மூடி மட்டும் ஒரு விரல்கடை மூடவில்லை. பிராசஸரின் தலைமேல் நான் வைத்த கூலர் அவ்வளவு உயரம். வாங்கும்போதே அதை அளந்திருக்க வேண்டும். அளக்காமல் விட்டதற்குப் பரிகாரமாக, வளைகுடாவுக்குப் போகிறவர்கள் சூட்கேஸை மூடுகிற முறையைக் கையாண்டேன். மூடி மூடிக்கொண்டது. உள்ளே முறுக்கைக் கடித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. அந்த மதர்போர்டு இந்த உலகத்தில் எழுப்பிய கடைசிச் சத்தம் அதுதான்.

வாங்குவதற்கு முன்னால் உயரத்தை அளக்க வேண்டும் என்பது முதல் பாடம். அது அரிச்சுவடி. உங்களுக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை, இப்போது எல்லாம் அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்து வருகிறது. நான் எழுத உட்கார்ந்தது அடுத்த பாடத்தை. அதை எனக்குக் கற்பித்தது ஒரு பொட்டலம் தொதல்.

கம்ப்யூட்டர் கடையை, என்னிடம் தொழில் பழகிய உங்களிடம் விட்டுவிட்டு நான் ஏன் ஒதுங்கினேன் என்று ராமநாதபுரத்தில் பல கதைகள் உலவுகின்றன. எதையும் நம்பாதீர்கள். மதர்போர்டின் ஓரத்தில், பவர் சுவிட்சுக்கு என்று இரண்டு ஊசி இருக்குமே, எறும்புக்கு நட்ட கொடிக்கம்பம் மாதிரி, அது என் கண்ணுக்குத் தெரிவது நின்றுபோனது. அவ்வளவுதான் காரணம். கண்ணாடி போட்டால் ஊசி தெரிகிறது, கை தெரியவில்லை. ஆனால் சொல்லித் தரக் கண் வேண்டியதில்லையே. அதனால் எழுதுகிறேன்.

கீழக்கரையில் ஃபர்ஹானா என்று ஒரு பெண். கட்டிடங்களைக் கட்டுவதற்கு முன்பே கட்டி முடித்த மாதிரி படம் போட்டுக் காட்டுகிற வேலை. சுவர், ஜன்னல், ஜன்னல் வழியாக விழுகிற வெயில், வெயில் விழுந்த சோபா, எல்லாம் கம்ப்யூட்டருக்குள். பார்த்தால் போய் உட்காரத் தோன்றும். கல்யாணமாகி, கணவர் ஷார்ஜாவில். அவளுக்கும் விசா வந்துவிட்டது. அங்கே ஒரு நிறுவனம், வந்து இறங்கியதும் ஒரு கட்டிடத்தின் உட்புறத்தைப் படம் போட்டுக் கொடு, பிடித்திருந்தால் வேலை என்று சொல்லியிருந்தது. ஒரு நிபந்தனை: அந்தச் சோதனை வேலையை அவளுடைய சொந்தக் கம்ப்யூட்டரில்தான் செய்ய வேண்டும். லேப்டாப்பில் ஒத்திகை பார்த்தாள். படத்தைக் கணக்குப் போட்டு வரைந்து முடிப்பதற்குள் லேப்டாப் தோசைக்கல்லாகி, பிறகு ஒருநாள் மூச்சை விட்டது. அதைத் தூக்கிக்கொண்டுதான் என் கடைக்கு வந்தாள்.

“சார், விமானத்துல கையிலயே கொண்டு போறாப்ல வேணும். ஆனா பெரிய கம்ப்யூட்டர் செய்யிற வேலையெல்லாம் செய்யணும்.”

தம்பிகளே, தங்கச்சிகளே, இந்தத் தொழிலில் மனிதனுக்கு உடம்பு சிலிர்க்கிற வாக்கியங்கள் ரொம்பக் குறைவு. பெரும்பாலும் நம்மிடம் சொல்லப்படுவது ‘பிரிண்டர் ஓடலை’ என்பதுதான். இந்தப் பெண் சொன்னதைக் கேட்டு அன்றைக்கு நான் மத்தியானச் சாப்பாட்டை மறந்தேன். விமானத்துக்குள் கையில் எடுத்துப் போகும் பைக்கு அளவு உண்டு, எடை உண்டு. அதில் துணிமணிக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்து, பாக்கிக்குள் ஒரு முழுக் கம்ப்யூட்டர். எனக்குக் காகிதத்தில் பெட்டி பெட்டியாகப் போட்டுப் பார்க்காமல் தூக்கம் வரவில்லை. என் மனைவி, அந்தப் பெண்ணுக்கு வீடு கட்டித் தருகிறேனா என்று கேட்டாள். ஒருவகையில் அதுதான்.

கடைசியில் நான் தேர்ந்தெடுத்த பெட்டி, நாலடுக்கு டிபன் கேரியரைப் படுக்கவைத்து இன்னொன்றை ஒட்டிவைத்த அளவு இருக்கும். அதன் உள் அமைப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கைகால் பரபரக்கிறது. நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு தகடு நிற்கும். தகட்டின் இந்தப் பக்கம் மதர்போர்டு, அந்தப் பக்கம் கிராபிக்ஸ் கார்டு. பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி மாதிரி, ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு. இவர்களுக்கு நடுவே அடியில் ஓடுகிற பட்டை ஒயர் ஒன்று உண்டு, ரைசர் கேபிள். பிரிந்த இரண்டு வீட்டுக்கும் இன்னும் போக்குவரத்து வைத்திருக்கிற ஒரே ஆள் அதுதான். முன்பக்கம் மேலே பவர் சப்ளை. உச்சியில் இரண்டு விசிறிகள். இரண்டு பக்கமும் சல்லடை மூடி. குளிர்ந்த காற்று பக்கங்களில் நுழையும், சூடாகி மேலே போகும். எங்கேயும் திரும்பாமல், யாரையும் இடிக்காமல், நேரே.

இவ்வளவும் வைத்த பிறகு கார்டுக்கு முன்னால், பவர் சப்ளைக்குக் கீழே, ஓர் உள்ளங்கை அளவு இடம் மிஞ்சியது. முந்தைய நான் என்றால் அதில் ஒரு ஹார்டு டிஸ்க்கைத் திணித்திருப்பேன், இல்லாவிட்டால் உட்கார்ந்திருப்பேன். இந்தமுறை ஒயர்களைக்கூட அந்தப் பக்கம் போகவிடாமல் கட்டி ஒதுக்கினேன். கார்டின் விசிறி அங்கிருந்துதான் மூச்சு இழுக்கும். பெட்டிக்குள் நான் வைத்த பொருள்களிலேயே ரொம்பச் சிரமப்பட்டு வைத்தது அந்த இடம்தான்.

செய்து முடித்ததைக் கடையில் வைத்துக் கொடுத்திருந்தால் தொல்லை இல்லை. பெருமை விட்டதா. நானே கீழக்கரைக்குக் கொண்டுபோனேன்.

ஃபர்ஹானாவின் அப்பா, அவர்கள் வீட்டு வழக்கில் வாப்பா, கப்பல், கடை, மறுபடி கப்பல் என்று வெளிநாட்டில் காலம் தள்ளிவிட்டு வந்தவர். அந்த வீட்டில் உத்தரத்துக் கொக்கியில் ஒரு தராசு தொங்குகிறது, பயணப் பெட்டிகளை எடை போட. வந்த மனிதர்களைத் தவிர எல்லாவற்றையும் அவர் அதில் மாட்டிவிடுவார். என் பெட்டியையும் மாட்டினார். முள்ளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “மாஷா அல்லாஹ்” என்றார். விருது வாங்கியவர்கள் மேடையில் எப்படி நிற்பார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்த மிதப்பில், ஃபர்ஹானாவின் உம்மாவைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறந்தும் காட்டினேன். திருப்புளி வேண்டாம் ராத்தா, ஓரத்தில் விரலை வைத்து இழுத்தால் போதும், குழந்தைகூடத் திறக்கலாம் என்று செய்முறை விளக்கமே நடத்தினேன். (அங்கே அக்காவுக்கு ராத்தா, அண்ணனுக்குக் காக்கா.) அவர் குனிந்து பார்த்தார். பிராசஸர் எது என்று கேட்கவில்லை. அந்த உள்ளங்கை அளவு இடத்தைக் காட்டினார்.

“இது ஏன் தம்பி சும்மா கிடக்கு?”

“அது காத்துக்கு ராத்தா.”

“காத்துக்கா” என்று அவர் மரியாதையோடு தலையாட்டினார். நான் சொன்னது அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு காப்பியைக் குடித்தேன்.

பயணத்தன்று காலையில் மறுபடி போனேன், கையில் ஒரு துண்டு ஸ்பாஞ்சோடு. கிராபிக்ஸ் கார்டு கனமானது. பயணத்தில் குலுங்கினால் அதன் எடையே அதன் சாக்கெட்டை ஒடித்துவிடும். அதனால் வழிக்கு மட்டும் அந்தக் காலி இடத்தில் ஸ்பாஞ்சைக் கொடுத்து, போனதும் எடுத்துவிடச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. தெருவில் மதுரைக்குப் போகிற கார் நின்றிருந்தது. டிக்கியில் பெட்டிகள் ஏறிவிட்டன. டிரைவர், பரமக்குடியில் ரயில்வே கேட் போட்டுவிட்டால் மாட்டிக்கொள்வோம் என்று தனக்குத்தானே பேசுவது போல எல்லாருக்கும் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தார். ஃபர்ஹானா காலையில் சுபுஹு தொழுகைக்கு எழுந்ததிலிருந்து கம்ப்யூட்டரை ஓடவிட்டு, பழைய படங்களை முடித்து அனுப்பிவிட்டு, அப்போதுதான் அணைத்திருந்தாள்.

“நல்லா ஓடுச்சு சார். கடைசியில மட்டும் கொஞ்சம் ஊளை விட்டுச்சு.”

ஊளை என்ற சொல்லை என் பெட்டிக்கு யாரும் சொல்லக் கூடாது. தூக்கினேன். கைக்கு ஏதோ உறுத்தியது. வெதுவெதுப்பாக இருந்தது. அதோடு ஒரு வாசனை. முப்பது வருஷத் தொழிலில் கருகிய மின்தேக்கியின் வாசனை எனக்குத் தெரியும், தூசி பொசுங்கும் வாசனை தெரியும், எலி செத்த வாசனையும் தெரியும். நெய்யும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஏலக்காயுமாக ஒரு கம்ப்யூட்டர் மணப்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

கார்டு இருக்கும் பக்கத்து மூடியை இழுத்தேன். காற்றுக்கு நான் விட்ட இடத்தில், இம்மி பிசகாமல், வெட்டிவைத்த மாதிரி ஒரு பொட்டலம் இருந்தது.

தொதல் தெரியாதவர்களுக்கு: அரிசி மாவையும் தேங்காய்ப்பாலையும் வெல்லப்பாகையும் போட்டு, எண்ணெய் பிரியும்வரை ஒரு ஆள் கிண்ட, அடுத்த ஆள் கிண்ட, கை ஓய்ந்துபோகும்வரை கிண்டி எடுக்கிற பதார்த்தம். கீழக்கரையிலிருந்து வெளிநாடு போகிற பை அது இல்லாமல் போகாது. சாதாரண வெயிலில் கெட்டியாக இருக்கும். ஆனால் முழு வேகத்தில் ஓடுகிற கிராபிக்ஸ் கார்டின் மூக்கை அடைத்தாற்போல வைத்தால் அது எந்த நிலையிலிருந்து கிண்டி எடுக்கப்பட்டதோ அந்த நிலைக்கே திரும்பிவிடும். பொட்டலம் வாய் பிளந்திருந்தது. கார்டின் விசிறி இதழில் கருஞ்சிவப்பாக ஒட்டியிருந்தது. அங்கிருந்து எண்ணெய் வழிந்து, கார்டின் ஓரமாக இறங்கி, பெட்டியின் அடித்தளத்தில் ஒரு சின்னக் குளமாக நின்றது. குளத்தின் கரை, ரைசர் கேபிளின் சாக்கெட்டுக்கு ஒரு விரல் தூரத்தில்.

ஃபர்ஹானா எட்டிப் பார்த்தாள். கத்தவில்லை, அழவில்லை. “உம்மா” என்றாள், அவ்வளவு மெதுவாக. அடுப்படியில் இருந்தவருக்கு அது கேட்டுவிட்டது.

உம்மாவின் தரப்பையும் சொல்லிவிட வேண்டும், அது நியாயமானது. அந்த ஊரில் பெட்டிகளை எடை போட்டு முடித்த பிறகுதான் உண்மையான மூட்டை கட்டுதல் தொடங்கும். தராசு ஆண்கள் வேலை. தராசுக்குப் பிறகு, இடுக்கு இடுக்காகச் செருகுவது பெண்கள் வேலை. அதை வாப்பாமார்கள் பார்க்காத மாதிரி இருப்பார்கள். இந்தமுறை முந்தின ராத்திரியே எல்லாப் பையும் பிதுங்கிவிட்டது. மருமகனோ தொதல் என்றால் உயிரை விடுகிறவர். எடை போட்டு ‘மாஷா அல்லாஹ்’ வாங்கிய ஒரு பெட்டி, ஒரே இழுப்பில் திறக்கிற பெட்டி, உள்ளே காற்றைத் தவிர ஒன்றும் வைக்காத ஓர் இடம். காற்று ஷார்ஜாவில் கிடைக்காதா என்று அவர் யோசித்திருக்கிறார். நானாக இருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பேன்.

வாப்பா வந்து பார்த்தார். துடைத்துவிட்டு உடனே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம் என்றார். டிரைவரும் உள்ளே வந்து அதையே சொன்னார். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாரோ ஒருவரும் அதையே சொன்னார்.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். பழுது என்று எது வந்தாலும் நம் கை முதலில் போகிற இடம் சுவிட்ச். ஓடுகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்கிற வெறி நம் தொழிலின் அரிப்பு. எனக்கும் விரல் அரித்தது. ஓடிவிட்டால் எல்லார் முகமும் மலரும், நான் ஜெயித்த மாதிரி, கார் கிளம்பிவிடும். ஆனால் என்ன வழிந்திருக்கிறது என்று யோசித்தேன். வெறும் எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. எண்ணெயால் மட்டும் ஆபத்தில்லை. தொதலில் வெல்லப்பாகும் இருக்கிறது, பாகில் ஈரம் இருக்கிறது. அது எந்த இடுக்கில், எந்த இரண்டு ஊசிகளுக்கு நடுவில் பாலம் கட்டியிருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. மின்சாரம் இல்லாதவரை அது வெறும் பிசுக்கு. மின்சாரம் போன நொடியில் அது ஷார்ட்.

“போட்டுப் பாத்துட்டே போயிருவோம் தம்பி” என்றார் வாப்பா மறுபடி. “அங்கன போயி ஓடலைன்னா புள்ள என்ன செய்வா?”

“இங்கன போட்டு கருகிப் போச்சுன்னா என்ன செய்வா காக்கா?”

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் பெட்டியைப் பார்த்தேன்.

அப்போதுதான் அந்த நடுத்தகடு கண்ணில் பட்டது. அந்தப் பக்கத்து மூடியையும் இழுத்தேன். மதர்போர்டு, பிராசஸர், அவளுடைய வேலை முழுவதும் இருக்கிற டிஸ்க், எல்லாம் கல்யாணத்துக்குக் குளித்துவிட்டு வந்து நிற்பது போலச் சுத்தமாக நின்றன. ஒரு துளி தாண்டவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதில் இப்படி ஒரு லாபம் இருக்கும் என்று அந்தப் பெட்டியை வரைந்த புண்ணியவானே நினைத்திருக்க மாட்டான். பெரிய பெட்டியாக இருந்திருந்தால் எல்லாம் ஒரே அறை. மேலே வழிந்தது எல்லார் தலையிலும் சொட்டியிருக்கும். இங்கே பாதி வீட்டில்தான் தீ. பாதி வீடு பிழைத்துக்கொண்டது.

பிழைத்த பாதியைக் காப்பாற்றுவது, நனைந்த பாதியைப் பிரித்து எடுப்பது, இரண்டையும் சேர்க்காமல் தனித்தனியாக அனுப்புவது. சுவிட்சை யாரும் தொடக் கூடாது. அதைத்தான் சொன்னேன். சொல்லும்போது குரல் உறுதியாக இருந்தது. அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

அடுத்து நடந்ததை நான் எத்தனை முறை நினைத்தாலும் மூச்சு வாங்குகிறது. கார்டின் தாழ்ப்பாளை அழுத்தி உருவி வெளியே எடுத்தேன். பையில் எப்போதும் வைத்திருக்கிற ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பாட்டிலைத் திறந்ததும் உம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, அது என்ன சாராயமா என்று கேட்டார். ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸ் தடவுகிற மருந்து என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்தினேன். உம்மாவே புதுப் பல்துலக்கி ஒன்றை உறையைக் கிழித்துக் கொடுத்தார். விசிறி இதழ் ஒவ்வொன்றாக, கார்டின் தங்கப் பற்கள் ஒவ்வொன்றாக, கீழே நின்ற குளத்தை ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி ஒற்றி. ரைசர் சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். என் கண் லட்சணம்தான் தெரியுமே. ஃபர்ஹானாவைப் பார்க்கச் சொன்னேன். அவள் தரையில் கன்னம் படப் படுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றும் போகவில்லை என்றாள். ஆனாலும் விசிறியின் அச்சுக்குள்ளும், பார்க்க முடியாத இடுக்குகளிலும் ஈரம் இருக்கும். அது உலர ஒரு பகல் வேண்டும். அந்தப் பகல் நம்மிடம் இல்லை, அவளுடைய பயணத்தில்தான் இருந்தது.

ஆக, கார்டு அவள் கைப்பையில் தனியாகப் போகும். அங்கே போய் உலர்ந்த பிறகு அதை மாட்ட வேண்டும். மாட்டுவது யார்?

“நீதான் தாயி.”

“நானா. நான் ஸ்க்ரூகூடத் திருகுனதில்ல சார்.”

“நீ வீடு வீடாக் கட்டுற ஆளு. இதுவும் அதுதான். எது எங்க நிக்குதுன்னு மட்டும் பாரு.”

எனக்கு ஒரு ஆசை இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். நானே இங்கே மாட்டி, ஸ்பாஞ்ச் கொடுத்து, மூடி, ‘போனதும் சுவிட்சைப் போடு’ என்று கெத்தாக அனுப்பி வைக்கலாம். என் வேலை என் கையோடு முடிந்துவிடும். ஆனால் ஈரத்தை உள்ளே வைத்து மூடுவது புழுக்கத்தில் குழந்தையைப் பூட்டிவைக்கிற மாதிரி. அதனால் அவளை மாட்டிப் பழகச் சொன்னேன். முதல்முறை கார்டைச் சாய்த்து நுழைத்தாள், நின்றுவிட்டது. எடுத்தாள். நேராகப் பிடித்து, இரண்டு பெருவிரலாலும் சமமாக அழுத்தினாள். தாழ்ப்பாள் ‘டக்’ என்று விழுந்தது. வாப்பாவுக்கும் கேட்டது. இந்தச் சத்தம் வராவிட்டால் நீ மாட்டியதாகவே அர்த்தமில்லை, சுவிட்சிடம் போகாதே என்று சொன்னேன். பிறகு உருவி எடுத்து உறையில் போட்டோம். டிரைவர் ஹாரன் அடித்தார்.

கார் போன பிறகு வாப்பா என்னோடு தெருவிலேயே நின்றார். “புள்ள அங்கன தனியா நிக்கும்” என்று மட்டும் சொன்னார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. முன்பின் பெட்டியைத் திறக்காத ஒரு பெண்ணை, ஒரே ஒரு ‘டக்’கை நம்பி, கடல் தாண்டி அனுப்பியிருக்கிறேன். திரும்பி வருகிற வழி முழுவதும், சரியாகச் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். சரியாகச் செய்தவர்கள் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

மறுநாள் மாலை கடையில் ஒரு பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“மாட்டிட்டேன் சார். ஸ்க்ரீன்ல ஒண்ணும் வரல.”

என் வாயில் ஒரே நேரத்தில் பத்துக் கேள்விகள் வந்தன. பிசுக்கு பாலம் கட்டிவிட்டதா, கார்டு போய்விட்டதா, ரைசர் மடங்கிவிட்டதா. ஒன்றும் கேட்கவில்லை. தூரத்தில் இருக்கிறவனின் பயம் பக்கத்தில் இருக்கிறவனின் கையை நடுங்க வைக்கும், அது மட்டும் எனக்குத் தெரியும். முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கச் சொன்னேன். பிறகு, நான் எதுவும் சொல்ல மாட்டேன், பெட்டியைப் பார்த்து உன் கண்ணுக்குத் தெரிவதை நீ சொல்லு என்றேன்.

அவள் சொல்லத் தொடங்கினாள். தகடு நேராக நிற்கிறது. ஒயர் இந்தப் பக்கமாக வந்து மேலே போகிறது. விசிறியில் ஒட்டல் இல்லை, விரலால் சுற்றினால் சுற்றுகிறது. பின்னால் கணவர் ஏதோ கேட்க, அவள் அவரைச் சும்மா இருக்கச் சொன்னாள்.

“சார். கார்டோட விளிம்பும் தகட்டோட விளிம்பும் ஒரே கோடா இல்ல. பின்னாடி லேசாத் தூக்கிக்கிட்டு இருக்கு.”

“சத்தம் கேட்டுச்சா நேத்து மாதிரி?”

“இங்கன ஏசி சத்தம் சார். கேட்டுச்சுன்னு நெனச்சேன்.”

கார்டின் பின் முனை சாக்கெட்டில் உட்காரவில்லை. சரியாகத் தெரியாத என் கண்ணால் நான் அதை ஒருக்காலும் பிடித்திருக்க மாட்டேன். வாழ்நாளெல்லாம் சுவரும் தரையும் சேரும் கோட்டைப் பார்த்துப் பார்த்துப் பழகின கண் பிடித்துவிட்டது. ஏசியை அணைக்கச் சொன்னேன். போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தச் சொன்னேன். இந்தப் பக்கம் கடையில் நான் பிரிண்டரை நிறுத்தினேன், மின்விசிறியை நிறுத்தினேன், ரிப்பேர் டோக்கன் கேட்டு வந்த ஒருவரை வாயைப் பொத்தச் சொன்னேன்.

டக்.

கடல் தாண்டி அவ்வளவு தெளிவாக வந்தது. அப்புறம் பிளக், அப்புறம் சுவிட்ச், அப்புறம் விசிறிகள் மெல்ல மூச்செடுக்கிற ஓசை. ஊளை இல்லை. “வந்துருச்சு சார்” என்று அவள் சொல்வதற்கு முன்னாலேயே நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். வாயைப் பொத்தியிருந்த வாடிக்கையாளர், இப்போது பேசலாமா என்று கையால் கேட்டார்.

ஃபர்ஹானா அந்தச் சோதனை வேலையை முடித்துக் கொடுத்தாள். ஒரு மருத்துவமனையின் வரவேற்பறை. நோயே இல்லாதவனும் போய் உட்காரத் தோன்றுகிற அறை. வேலை கிடைத்தது. இப்போது அவள் பெட்டியைத் தானே திறந்து, தானே தூசி தட்டி, எதைக் கழற்றினேன், எப்படி மாட்டினேன் என்று எனக்குப் படம் அனுப்புகிறாள். சில படங்களில் என்னுடைய ஒயர் கட்டுகளை அவிழ்த்து, இன்னும் ஒழுங்காகக் கட்டியிருக்கிறாள். அதைப் பற்றி நான் கருத்துச் சொல்வதில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு இதைவிடச் சின்னப் பெட்டிகள் வரும், இதைவிடச் சூடான கார்டுகள் வரும். உள்ளே ஒவ்வொரு இடத்தையும் விடும்போது, அதை ஏன் விட்டாய் என்று வாங்குகிறவரின் வீட்டில் எல்லாருக்கும் புரியும்படி சொல்லுங்கள். ‘காத்துக்கு’ என்பது பதில் இல்லை. ‘இங்கே எதை வைத்தாலும் இது செத்துப்போகும்’ என்பதுதான் பதில். எதுவாவது கொட்டிவிட்டால் முதலில் எந்தப் பாதி பிழைத்திருக்கிறது என்று பாருங்கள். ஊரே சொன்னாலும் சுவிட்சைத் தொடாதீர்கள். கடைசியாக, உங்கள் கைக்கு எட்டாத தூரத்துக்கு ஒரு பெட்டி போகிறதென்றால், அதைத் திறக்கத் தெரிந்த இன்னொரு கையையும் சேர்த்தே அனுப்புங்கள்.

இதையெல்லாம் நான் முதன்முதலில் கோவையாகச் சொன்னது கீழக்கரையில்தான். வேலை கிடைத்த செய்தி வந்த வாரம், பெருமையோடு அந்த வீட்டுக்குப் போனேன். தகடு எப்படிக் காப்பாற்றியது, சுவிட்சைப் போடாமல் விட்டது எவ்வளவு பெரிய முடிவு, அவளையே மாட்டச் சொன்னது எப்படிப்பட்ட தீர்க்கதரிசனம் என்று வாப்பாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். வாப்பா உருகிப்போய்த் தலையாட்டினார். உம்மா காப்பியை என் முன்னால் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“நீங்க ஒழுங்காக் கட்டிக் குடுத்திருந்தா, புள்ள அங்கன போயி அவளா மாட்டுற வேலை ஏன் தம்பி வருது?”